கீழே விழுந்த இருபது டாலர்

1971ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹூஸ்டன் என்று ஒரு சின்ன ஊர் (டெக்சாஸில் இருக்கும் பெரிய ஹூஸ்டன் இல்லை). லாரி ஸ்டூவர்ட் என்ற இளைஞர் கையில் காசில்லாமல் காரிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பசி தாங்காமல் ஓர் உணவகத்துக்குள் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டார். அப்புறம் பர்ஸைத் தொலைத்தவர்போல இங்கும் அங்கும் தேடி நடித்தார். கடைக்காரர் வந்தார், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் குனிந்தார், நிமிரும்போது கையில் இருபது டாலர் நோட்டு. உங்களுடையதுதான் விழுந்திருக்கிறது என்று நீட்டினார்.

அது கடைக்காரர் வைத்த பணம் என்பது ஸ்டூவர்ட்டுக்கு அப்புறம்தான் உறைத்தது.

இந்தக் கடைக்காரரைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பொய்யைக் கண்டுபிடித்து, "பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டுப் போ" என்று சொல்லியிருந்தாலும் தர்மம்தான். ஆனால் அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போயிருப்பார். இப்போது தன் பணத்தில் பில்லைக் கொடுத்தவராக நிமிர்ந்து போனார். பெயரை மறைப்பது பெரிய வித்தையில்லை. எதிரிலேயே நின்றுகொண்டு, கொடுத்ததையே மறைத்தாரே, அதுதான்.

1979 டிசம்பரில் ஸ்டூவர்ட்டுக்கு மறுபடி வேலை போயிருந்தது. குளிரில் மெல்லிய சட்டையோடு காருக்குக் காராய் உணவு கொண்டுபோன ஒரு பெண்ணுக்கு இருபது டாலர் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே ஆரம்பித்தது. பிறகு தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, கான்சஸ் சிட்டியில் 26 வருடம், கிறிஸ்துமஸ் சமயத்தில் சலவை நிலையங்களிலும் பழைய துணிக் கடைகளிலும் முன்பின் தெரியாதவர்கள் கையில் நூறு டாலர் நோட்டுகளை வைத்துவிட்டுப் போனார். மொத்தம் சுமார் 13 லட்சம் டாலர். 2006இல் புற்றுநோய் வந்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. 2007 ஜனவரியில் காலமானார்.

சில வருடங்கள் நிருபர்களும் கூடவே போயிருக்கிறார்கள், பெயரை வெளியிடுவதில்லை என்ற நிபந்தனையோடு. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். கொடுப்பவர் முகம் மறைந்திருக்க, வாங்குபவர் முகம் செய்தியில் வருகிறது. மறைக்க வேண்டிய முகம் எது?

டிசம்பரில் என் முகநூல் சுவரில் வருகிற படங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான். "பெயர் சொல்ல விரும்பாத நல்ல உள்ளம்" என்று தலைப்பு, கீழே பையை வாங்கிக்கொண்டு நிற்கும் குழந்தையின் முழு முகம். அந்தக் குழந்தை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது நம் எல்லோர் வாயிலும் புழங்கும் பேச்சு. மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்திலிருந்து வந்தது. கொடுப்பவருக்குப் பெருமை வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது என்றுதான் இதை விளக்குகிறார்கள். சரி, ஆனால் எனக்கு அது பாதிதான். மீதி பாதி வாங்குகிற கைக்காக.

அந்தப் பாதியை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் 1933இல் இருந்தார். பெரும் பொருளாதார மந்தம். ஒஹையோவின் கேன்டன் நகரத்து நாளிதழில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு விளம்பரம்: கஷ்டத்தில் இருப்பவர்கள் எழுதுங்கள், பணம் அனுப்புகிறேன், உங்கள் பெயர் ஒருபோதும் வெளிவராது. போட்டவர் பெயர் பி. விர்டாட். அப்படி ஓர் ஆள் ஊரிலேயே கிடையாது. கடிதங்கள் குவிந்தன. பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை இரவல் வாங்கப் போனபோது விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, உடுத்தத் துணி வேண்டும் என்று எழுதினாள் ஒரு பதினான்கு வயதுப் பெண். 75 குடும்பங்களுக்குப் பத்துப் பத்து டாலர் என்பது திட்டம். கடிதங்களைப் பார்த்ததும் 150 குடும்பங்களுக்கு ஐந்து ஐந்து டாலராக மாறியது.

அவர் சாம் ஸ்டோன், துணிக்கடைக்காரர், ருமேனியாவிலிருந்து வந்த யூதர். மகள்கள் பார்பரா, வர்ஜினியா, டாரதி பெயர்களிலிருந்து எழுத்துகளை எடுத்து ஒட்டவைத்ததுதான் அந்தப் பொய்ப்பெயர். 2008இல் ஒரு பழைய பெட்டியிலிருந்த கடிதங்கள் பேரன் கைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 75 வருடம்! தன் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளவில்லை, எழுதியவர்கள் பெயரையும் அதே பூட்டுக்குள் வைத்தார். கிறிஸ்துமஸ் அவருடைய மதத்துப் பண்டிகைகூட இல்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

இதே மாதிரி 2010 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானின் மாயெபாஷியில் குழந்தைகள் நல மையம் ஒன்றின் வாசலில் பத்துப் புதுப் பள்ளிப் பைகள் இருந்தன. அனுப்பியவர் பெயர் நவோட்டோ டாடே. அது அநாதை இல்லத்தில் வளர்ந்து மல்யுத்த வீரனாகும் ஒரு படக்கதை நாயகனின் பெயர். சில வாரங்களில் அதே பெயரில் நாடு முழுக்கப் பைகள் வர ஆரம்பித்தன. ஒரே பெயரில் எத்தனை பேர் கொடுத்தார்களோ.

பெயரில்லாமல் கொடுப்பதில் சிக்கலே இல்லை என்று சொல்ல வரவில்லை. கேட்காமல் கொடுப்பதால், டிசம்பரில் பொம்மைகள் குவியும் இடத்தில் பிப்ரவரியில் சோப்பு இருக்காது. விவரம் தெரிந்த ஒருவரிடம் விசாரித்துவிட்டுக் கொடுக்கலாம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு வேலை போயிருந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கதவுக்கு அடியில் ஒரு கவர் கிடந்தது. உள்ளே பணம். மேலே "பிள்ளைகளுக்கு" என்று ஒரே சொல். "யார் பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று அம்மா சாமி படத்தின் முன் வைத்தாள். பிறகு துப்பறிய உட்கார்ந்தாள். "ளை" என்ற எழுத்து பழைய முறையில், யானைத் துதிக்கைபோல மேலே வளைந்திருந்தது. அப்படியானால் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் போன ஆள். தெருவில் பாதிப் பேர் அந்த வயதுதான். ஆகவே அம்மா பாதித் தெருவையும் சந்தேகப்பட்டாள். பந்து உள்ளே விழுந்தால் திருப்பித் தராத எதிர்வீட்டுத் தாத்தாவைக்கூட. அந்த வருடத்திலிருந்து அவரைப் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பாள்.

பல வருடம் கழித்து அந்தத் தாத்தா இறந்த வீட்டில் அவருடைய பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் துதிக்கை. வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அந்தக் காலத்து ஆளுங்க எல்லாரும் அப்படித்தான்டா எழுதுவாங்க" என்றாள்.