இலவசமாகப் படித்தால் மட்டமா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம சுங்கை சிப்புட்டில் நடந்த மாணவர் வழிகாட்டி நிகழ்ச்சியைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன், மனசு கேட்கவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் எங்கே படிப்பது என்று ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள். "சும்மா கிடைக்கிறதை நம்பாதம்மா, அதுக்கெல்லாம் தரம் இருக்காது" என்றார் பேச வந்தவர். மண்டபமே சிரித்தது. பிள்ளை முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டது.

யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்பதால் ஒரு கட்டுரை மட்டமாகிவிடாது. பெரல்மான் என்ற ரஷ்யக் கணிதமேதை, நூறு வருடமாக யாராலும் தீர்க்க முடியாத பொன்கரே கணக்கின் விடையை 2002, 2003இல் ஆர்க்கைவ் (arXiv) என்ற திறந்த தளத்தில்தான் போட்டார். எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. 2006இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் அவரைத் தேடி வந்தது. அவ்வளவு தூரம் ஏன்? நம் மலேசியச் செம்பனை (பாமாயில்) வாரியத்தின் ஆய்விதழே இணையத்தில் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. அதுவும் தரமில்லாததா?

எங்க அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் டேங்க், உள்ளே பாராகுவாட் என்ற களைக்கொல்லி. விரல் நகங்கள் நிறம் மாறி வெடித்திருக்கும். அந்த மருந்தை 2002இல் தடை செய்தார்கள், 2006இல் தடையை எடுத்தார்கள், 2020இல்தான் மறுபடியும் தடை வந்தது. அது உடம்பை என்ன செய்யும் என்று படிக்க உட்கார்ந்தபோது எனக்குப் பட்டம் முடிந்திருந்தது, பல்கலைக்கழக நூலகக் கணக்கை மூடிவிட்டார்கள். மருந்தடிக்கும் தோட்டத்துப் பெண்களைப் பற்றியே ஒரு கட்டுரை. தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது, மீதிக்கு அமெரிக்க டாலரில் விலை. அம்மா பக்கத்தில் வந்து நின்று, "என்னடி போட்டிருக்கு?" என்று கேட்டார். "காசு கேக்குதும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

எழுதியவர்களுக்குக் கூலி வேண்டாமா என்று கேட்பீர்கள். இந்தக் காசில் பெரும்பாலும் ஒரு சென் கூட அவர்களுக்குப் போவதில்லை. வெளியிடும் முன் கட்டுரையைச் சரிபார்க்கும் பேராசிரியர்களும் பொதுவாகச் சும்மாதான் செய்து கொடுக்கிறார்கள். பல ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது அரசாங்கம், அதாவது நம் வரிப்பணம்.

திறந்த இதழ்களில் போலிகள் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. காசு கட்டிப் படிக்கும் இதழ்களிலும் பொய்க் கட்டுரைகள் வந்து, பிறகு திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன. சில திறந்த இதழ்கள் வாசகரிடம் வாங்காமல், கட்டுரை எழுதுபவரிடம் காசு வாங்குகின்றனவே என்பது நியாயமான கேள்வி. நேச்சர் என்ற பிரபல அறிவியல் இதழ் 2021இல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று வைத்தது. அநியாயம்தான். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பதிப்பகத்தார். அதற்கு இந்தப் பிள்ளை என்ன செய்வாள்?

எனக்கு வலித்தது அந்தச் சிரிப்பு. தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து போகிற பிள்ளை காசில்லாமல் படிக்க வழி கேட்டால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? நம்மில் எத்தனை பேர் இரவல் புத்தகத்தில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்குப் படித்தவர்கள்!

தங்கச்சி, டிஓஏஜே (DOAJ) என்ற இணையப் பட்டியலில் தேடு, நல்ல திறந்த இதழ்களை 2003இலிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். அன்பேவால் (Unpaywall) என்று ஒன்று இருக்கிறது, பிரௌசரில் போட்டுக்கொள், ஒரு கட்டுரை எங்காவது இலவசமாக இருந்தால் அது காட்டும். அதிலும் கிடைக்கவில்லையா, எழுதியவருக்கே மெயில் போடு, பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள். அப்புறம், ஏற்பாட்டுக்குழு அண்ணன்மார்களே, அவள் வீட்டுக்கு ஒரு போன் போட்டீர்களா? அதை முதலில் செய்யுங்கள்.