மீன் தசையைச் சாம்பலாக்கினால் பாதரசம் மிஞ்சாது

மேலே ஒருவர், “மீன் தசையை உலையில் 550 டிகிரியில் சாம்பலாக்கி அமிலத்தில் கரைத்தால் எல்லா உலோகங்களையும் அளந்துவிடலாம்” என்று எழுதியிருக்கிறார். துத்தநாகம், தாமிரத்துக்குச் சரி. பாதரசத்துக்கு முற்றிலும் தவறு. அதன் கொதிநிலையே சுமார் 357 டிகிரி செல்சியஸ்தான். உலை முழுச் சூட்டை எட்டும் முன்பே அது ஆவியாகிப் போய்விடும். கருவி ஒன்றுமில்லை என்று காட்டும், நாமும் மீன் சுத்தம் என்று எழுதிவிடுவோம். அதைத் தின்பது குழந்தைகளும் கர்ப்பிணிகளும்தான் என்பதை மறக்க வேண்டாம்.

டெஃப்லான் குப்பியில் அரை கிராம் தசை, செறிந்த நைட்ரிக் அமிலம், கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு. மூடி, ஆய்வக மைக்ரோவேவில் செரிக்க வைப்பதே, அதாவது தசை அமிலத்தில் முழுக்கக் கரையும்வரை சூடாக்குவதே, நம்பகமான வழி. அமிலம் ஊற்றியவுடன் இறுக்கி மூடாதீர்கள். நுரை பொங்கும், பழுப்புப் புகை கிளம்பும். புகைக்கூண்டுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) வைத்து அது அடங்கும்வரை காத்திருங்கள். மத்தி மாதிரி கொழுப்பு மீன் என்றால் இன்னும் பொறுமை வேண்டும், அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

அப்புறம் அதே நபர், “வெற்று மாதிரி (மீன் சேர்க்காமல் அதே முறையில் தயாரித்தது) சுத்தமாக வந்தது, அதனால் முறை சரி” என்கிறார். வெற்று மாதிரி வெளியிலிருந்து கலந்ததைத்தான் காட்டும், இழந்ததைக் காட்டாது. இழப்பு தெரிய, பாதரச அளவு சான்றளிக்கப்பட்ட மீன் பொடி ஒன்றையும் அதே முறையில் செரித்துப் பாருங்கள். கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் டோர்ம்-4 அப்படிப்பட்டதுதான். குரோமியம், நிக்கல் அளப்பதாக இருந்தால், அவை எஃகிலிருந்தே கலந்துவிடலாம் என்பதால் எஃகுக் கத்தியைத் தவிர்த்து, பீங்கான் கத்தியால் வெட்டுங்கள்.