இரும்புன்னா இரும்பா அண்ணாச்சி?

போன ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினேன். என்னிடம் இருப்பது 1986 மாடல் பிரீமியர் பத்மினி கார். நான் இறங்குவதற்குள் ஒருத்தர் வந்து பானெட்டில் டொக் டொக்கென்று தட்டி, "இரும்புன்னா இதுதான் இரும்பு அண்ணாச்சி, இப்ப வாரதெல்லாம் தகரம்லா" என்றார். மாசத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வண்டிக்குள் ஒரு காந்தம் வாங்கிப் போட்டிருக்கிறேன். அதை எடுத்து அவர் கையில் கொடுத்து, கதவுக்கு அடிப்பக்கம் வைத்துப் பாரும் என்றேன். வைத்தார், பொத்தென்று கீழே விழுந்தது. அந்த இடத்தில் ஒரு சாணுக்கு இரும்பே கிடையாது, முழுக்கப் பட்டி போட்டுத் தேய்த்து பெயின்ட் அடித்தது. எனக்கு முந்தைய ஓனர் உவரிக்காரர், உப்புக்காற்று தின்றதுபோக மிச்சம்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. வாங்கின வருஷம் முதல் மழையில், ஓடுகிற வண்டிக்குள்ளே தண்ணீர் கீழேயிருந்து பீச்சி வேட்டி நனைந்தபோதுதான் காலுக்கடியில் ஓட்டை இருப்பதே தெரிந்தது.

எனக்குப் பழைய கார் என்றால் உயிர். அதற்காக அதைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டுமா?

தகடு தடிமனாக இருந்தால் ஆள் பிழைப்பான் என்று நம் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். புது வண்டியின் மூக்கை நசுங்குவதற்கென்றேதான் செய்கிறார்கள், இடியின் வேகத்தை அது வாங்கிக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்குக் குறைவாக வரும். அம்பாசிடர் பம்பர் நெளியவில்லை என்று பெருமைப்படுகிறவர்கள், அந்த அடி பிறகு யார் நெஞ்சில் போய் இறங்கியது என்று மட்டும் கேட்பதில்லை. என் வண்டியில் சீட் பெல்ட் கிடையாது, கழுத்துக்குப் பின்னால் சாய எதுவும் கிடையாது, ஏர்பேக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். நாலுவழிச் சாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போக வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிற புது காரைத்தான் எடுப்பேன்.

பிரேக் கதையும் ஒன்று உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயிலுக்கு மாமாவின் அம்பாசிடரில் பதினோரு பேர் போனோம் (கிடா தனி). திரும்பி மலை இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று மாமா நியூட்ரலில் விட்டுவிட்டார். கியரில் இருந்தால் எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும். அதுவும் இல்லாமல் அவ்வளவு பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்கினால் என்ன ஆகும்? பாபநாசத்துக்கு மேலே ஒரு வளைவில் பெடல் அடிவரை போகிறது, வண்டி நிற்கவில்லை. ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து மலைப் பக்கம் உரசித்தான் நிறுத்தினார். சக்கரத்திலிருந்து கருகின வாடை. அண்ணன் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓட, "ஊத்தாதல, டிரம் வெடிச்சிரும்" என்று மாமா கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. ஒரு மணி நேரம் எல்லோரும் பாறை மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றோம், அத்தை மட்டும் அய்யனார்தான் காப்பாற்றினார் என்று சொல்லி அழுதுகொண்டே இருந்தாள்.

மாருதி 800-ஐயும் விடக்கூடாது. நல்ல வண்டி, நான் ஓட்டிப் பழகினதே அதில்தான். ஆனால் எடை 650 கிலோ சுமார்தான். ஆடிக் காற்றில் பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை ஓட்டினவர்களுக்குத் தெரியும், காற்றாலைகள் விர்ரென்று சுற்றும்போது ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகவே பிடித்திருக்க வேண்டும், லாரி மறைத்த நொடி காற்று நின்று வண்டி அந்தப் பக்கம் பாயும். 2014 ஜனவரியில் மாருதி 800-உம், அதே வருஷம் மே மாதம் அம்பாசிடரும் உற்பத்தி நின்றுபோனபோது ஊரே ஒப்பாரி வைத்தது. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் திட்டாத ஆள் கிடையாது.

அப்புறம் ஏன் வைத்திருக்கிறாய் என்றால், சொல்கிறேன். போன சித்திரையில் கங்கைகொண்டான் தாண்டி மத்தியானம் ரெண்டு மணிக்குத் திணறித் திணறி நின்றது. பானெட்டைத் திறந்தேன். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிற பம்ப் கை வைக்க முடியாத சூடு. குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் எதை இழுக்கும்? தோளில் கிடந்த துண்டை நனைத்துப் பம்பைச் சுற்றினேன், வேப்பமர நிழலில் கால்மணி நேரம், கிளம்பிவிட்டது. இன்னொரு தடவை, எஞ்சினில் தீப்பொறி வருவதற்காகக் கரண்டை விட்டுவிட்டுத் தருகிற பாயிண்ட் கருகிப்போய் நின்றபோது உப்புத்தாளால் உரசி, சட்டைப் பையிலிருந்த விசிட்டிங் கார்டை இடைவெளிக்கு அளவாக வைத்து முடுக்கினேன். புது கார் நின்றபோது? மஞ்சள் விளக்கு எரிந்தது, போன் போட்டேன், லாரியில் ஏற்றிப்போனார்கள், மூன்று நாள் கழித்துச் சென்சார் என்று ஒரு பில் வந்தது. என்ன சென்சார், ஏன் போனது என்று அங்கே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வண்டி நின்றதுகூடப் பரவாயில்லை, இதுதான் எரிச்சல்.

ஆனால் இந்தச் சுகமும் ரொம்ப நாளைக்கு இல்லை. வண்ணார்பேட்டையில் எனக்குக் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது) பார்க்கிற அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு காதைச் சாய்த்துக்கொண்டே அதன் ஸ்குரூவைத் திருகுவார், எஞ்சின் சத்தம் சமமாகிற இடத்தில் கை தானாக நிற்கும். பையன் சவூதியில் இருக்கிறான், பட்டறைக்கு வரப்போவதில்லை. ஆர்.சி. புதுப்பிக்க முன்பு 600 ரூபாய், 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள், இப்போது இருபது வருஷம் தாண்டிய காருக்கு 10,000. பெட்ரோலிலோ 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது, பம்புக்குள் இருக்கிற டயாபிரம் என்ற ரப்பர் சவ்வை இரண்டாவது தடவை மாற்றியாகிவிட்டது.

இருந்தாலும் காலை ஆறு மணிக்குச் சேரன்மகாதேவி ரோட்டில் ஐம்பதுக்கு மேல் போகாமல், ரெண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், ஸ்டியரிங் பக்கத்துக் கியரை மேலே தள்ளி மூன்றாவதுக்குப் போட்டு, கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேரே நெஞ்சில் வந்து விழும். எந்த ஏசியிலும் எனக்கு அது கிடைக்கவில்லை.

சரி, எழுத உட்கார்ந்த காரணமே அந்தக் கண்ணாடிதான். டிரைவர் பக்கத்தில் அதைச் சுற்றியிருக்கிற பீடிங் ரப்பர் வெடித்துப்போச்சு, மழை உள்ளே வருகிறது. மதுரை வரை தேடிவிட்டேன். பழைய கடையிலோ, ஓடாமல் நிற்கிற பத்மினியிலோ பார்த்தவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.