கம்பெனிக்குள் பொய் கண்டுபிடிக்கும் மெஷின் எதற்கு?

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நேற்று கேட்டார். "ஸ்டோர்ல மால் குறையுதாம் தம்பி. பொய் கண்டுபிடிக்கிற மெஷின் வெச்சு எல்லாரையும் கேக்கப் போறாங்கன்னு பேச்சு. முடியாதுன்னு சொல்லலாமா?"

தாராளமாகச் சொல்லலாம் என்றேன். "சொன்னா நான்தான் எடுத்தேன்னு ஆயிடாதா?" என்றார்.

இந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. சம்பளம் கொடுக்கிற கையே கையெழுத்தும் கேட்டால், அதற்குப் பெயர் சம்மதமா?

இந்த மெஷினுக்குப் பெயர் பாலிகிராஃப். அது பொய்யை அளப்பதில்லை. ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு, விரல் வியர்வை, இவ்வளவுதான் அளக்கிறது. பயந்தாலும் அவமானத்தில் கூசினாலும் இவை எல்லாம் ஏறும். குழுக்கடன் தவணையை நினைத்தே தூக்கம் கெட்டவருக்கு, மேனேஜர் அறையில் உடம்பெல்லாம் ஒயர் மாட்டினால் நெஞ்சு படபடக்காதா? ஊரில் வெற்றிலையில் மை போட்டுத் திருடனைத் தேடுவார்கள். மிரண்டு முழிக்கிற ஏழை மேல்தான் பழி விழும். இங்கேயும் அப்படித்தான் விழும். சோவியத்துக்கு ரகசியம் விற்ற அமெரிக்க உளவு அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986லும் 1991லும் இதே சோதனையில் தேறிவிட்டார். 1994ல்தான் பிடிபட்டார்.

ஒரு கணக்குப் போடுங்கள். 500 பேர் வேலை செய்யும் இடத்தில் எடுத்தவர் ஒருவர். மெஷின் நிரபராதிகளில் பத்துக்கு ஒருவரைத் தப்பாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 50 பேர் திருட்டுப்பட்டம் சுமந்து வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பெண்களுக்குத் தெருவில் யார் பதில் சொல்வது?

செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சம்மதம் இல்லாமல் யாருக்கும் இந்தச் சோதனை கூடாது. சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும், வக்கீல் உதவி கிடைக்க வேண்டும். கொலை வழக்கில் சிக்கியவருக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. தையல் மெஷினில் குனிந்து உழைப்பவருக்குக் கம்பெனி அறைக்குள் யார் காவல்? அமெரிக்காவில் 1988லேயே பெரும்பாலான தனியார் முதலாளிகள் இதைப் பயன்படுத்தத் தடைச்சட்டம் வந்துவிட்டது. இங்கே அப்படி ஒரு தனிச்சட்டம் இன்னும் இல்லை.

மால் குறைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பாருங்கள், கேட் பாஸைப் பாருங்கள், கேமராவைப் பாருங்கள். திருட்டு என்றால் போலீசில் புகார் கொடுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சங்கத் தோழர்களே, அடுத்த ஊதிய ஒப்பந்தத்தில் இந்தச் சோதனை கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

வேலை செய்கிற அக்கா, தங்கச்சிகளே, எந்தப் பேப்பர் நீட்டினாலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், சங்கத்துக்குப் போன் போடுங்கள்.