ஆலயத்தின் சாவி யாரிடம்?

ஒரே ஆலயத்தை இரண்டு சபைகள் பங்கிட்டுக்கொள்கின்றன என்றால், "கடைசியில் சண்டையில்தான் முடியும்" என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி ஓர் ஆலயத்தில் பல வருடங்களாக ஆராதித்து வருகிறேன். சண்டை வந்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை வேத வசனத்துக்கு விளக்கம் சொல்வதில் ஒரு சண்டைகூட வந்ததில்லை. வந்ததெல்லாம் அலமாரிப் பூட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும்தான். அப்புறம், முதல் ஆராதனை முடிய நேரமாகி அடுத்த சபையார் வாசலில் நிற்க வேண்டி வந்தபோது.

இதற்கு விடை புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஜெர்மனியில் பவுட்சன் என்ற ஊரில் பேதுரு பேராலயம் இருக்கிறது. 1524 முதல் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதைப் பகிர்ந்து வருகிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறைகளை எதிர்த்து லுத்தர் தம் வாதங்களை வெளியிட்டு ஏழே வருடம் ஆகியிருந்த நேரம் அது. கிழக்கே பீடம் இருக்கும் பகுதி கத்தோலிக்கருக்கு, மக்கள் அமரும் நடுக்கூடம் லுத்தரன் சபைக்கு. யாருக்கு எந்த நேரம் என்பதையும் பேசி ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார்கள். ஆர்கன்கூட இரண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது நடுவில் இருக்கும் கிராதி. ஒரு காலத்தில் ஆளுயரத்தைத் தாண்டி நின்ற அந்தத் தடுப்பை, இருபதாம் நூற்றாண்டில் இடுப்பளவுக்குக் குறைத்துவிட்டார்கள். முழுவதும் எடுக்கவில்லை. அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் நற்கருணையைப் பற்றி இரு தரப்புக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது, அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பக்கம் நின்று ஜெபிப்பவரின் முகம் தெரியட்டும்.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு எருசலேமில், இயேசுவின் கல்லறை இருந்ததாக நம்பப்படும் இடத்தில் நிற்கும் கல்லறைத் திருக்கோயில் இருக்கிறது. ஆறு சபைகள் அங்கே இடம் பகிர்கின்றன. யாருக்கு எது என்று 1852-இல் ஒட்டோமான் சுல்தான் போட்ட கட்டளை இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. வாசலுக்கு மேலே விளிம்பில் ஓர் ஏணி நிற்கிறது. எல்லோரும் சம்மதிக்காமல் எதையும் நகர்த்தக் கூடாது என்பதால் அது அங்கேயே நிற்கிறது. 2008-இல் அதே ஆலயத்துக்குள் துறவிகள் கைகலந்தார்கள். ஆனாலும் கல்லறை மண்டபமே இடிந்து விழும் நிலைக்கு வந்தபோது, மூன்று முக்கிய சபைகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டு 2017-இல் சீரமைப்பை முடித்தன. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் அந்தக் கூரையையாவது சேர்ந்து காக்க வேண்டுமே.

நம் பக்கத்திலும் பெரிய பாடம் இருக்கிறது. 1919-இல் தரங்கம்பாடியில் அசரியா பேராயரும் மற்றவர்களும் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அப்படிப் பல புராட்டஸ்டன்ட் சபைகள் ஒன்றுசேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27 அன்று. இடையே 28 வருடப் பேச்சுவார்த்தை. அசரியா அதைப் பார்க்காமலே 1945-இல் கண்மூடிவிட்டார். சேர்ந்தபோது, ஏற்கெனவே பணி செய்த போதகர் யாருக்கும் மறு அபிஷேகம் செய்யவில்லை. "உங்கள் போதகர் போதகரே இல்லை" என்று ஒருவரும் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லும்படி விடவில்லை. அந்த மரியாதைக்குத்தான் 28 வருடம் பிடித்தது என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே கால அட்டவணை போட்டு, ஒன்பது மணிக்கு நாங்கள், பதினொன்றுக்கு நீங்கள் என்று பிரிந்துபோவதை நான் பகிர்வு என்று சொல்லமாட்டேன். அது வாடகைக்கு இருப்பது மாதிரி. ஒரு ஆராதனை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அரை மணி நேரம் இரண்டு சபையாரும் ஒரே கூடத்தில் நிற்க வேண்டும். ஞாயிறு பள்ளியைச் சேர்த்தே நடத்த வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு யார் எந்தச் சபை என்பதே பாதி நேரம் தெரியாது. அதைப் பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும்.

என் அப்பாவின் அடக்க ஆராதனையை மறக்க முடியாது. அன்று அந்த நேரம் மற்ற சபைக்கு உரியது. நாங்கள் கேட்கும் முன்பே விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுடைய பாடகர் குழுவில் பாதிப் பேர் எங்கள் குழுவோடு வந்து நின்றார்கள். கல்லறைத் தோட்டம் வரை கூடவே நடந்து வந்தார்கள்.

இதெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஞானஸ்நானப் பதிவேடு இரண்டு, கணக்குப் புத்தகம் இரண்டு. ஆலயத்தின் கதைக்கு மட்டும் ஒரு புத்தகமும் இல்லை. மணியை யார் கொடுத்தார், கூரை ஒழுகியபோது யார் ஏணி பிடித்தார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டுக் கூட்டத்தில் நான் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன். இரண்டு சபையாரும் சேர்ந்து எழுதும் ஒரே வரலாற்று ஏடு, அதில் சண்டைகளும் இருக்கட்டும். இன்னொன்று, பாத்திர அலமாரியின் பூட்டை எடுத்துவிட வேண்டும். அதில் ஒரு பூட்டு எங்கள் சபை போட்டது. அதை முதலில் எடுக்கச் சொல்வேன்.