சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் தவளைக்கு ஒரு அரை மணி நேரம்

குமுளியில் ஜீப் ஓட்டுகிறவனுக்குத் தவளையைப் பற்றி என்ன தெரியும் என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் ஏறாத டிபார்ட்மெண்ட் கிடையாது. விடியற்காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்கு வரும் அக்காமார்களை இறக்கிவிட்டால், பத்து மணிக்கு மேல் சர்வேயர், கரண்ட் ஆபீஸ்காரர்கள், ரேஞ்ச் ஆபீஸ் ஆட்கள், எப்போதாவது கழுத்தில் கேமரா தொங்க ஆராய்ச்சி மாணவர்கள். பதினெட்டு வருடமாக இதே ரோடு. ஆனால் ஒரே நாளில் ஒரே வண்டியில் இரண்டு டிபார்ட்மெண்ட் சேர்ந்து ஏறி நான் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

போன வருடம் மே மாதம். கோடை மழை இரண்டு நாளாக விடாமல் ஊற்றிய ராத்திரி. ஒரு பிரசவக் கேஸைக் கட்டப்பனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில், லைட் வெளிச்சத்தில் பெரிய உருளைக்கிழங்கு ஒன்று ரோட்டைக் கடந்தது. இறங்கிப் பார்த்தால் தவளை. கறுத்த ஊதா நிறம், காற்றடைத்த மாதிரி உடம்பு, பன்றிக்குட்டிக்கு இருக்கிற மாதிரி கூர் மூக்கு. முதுகில் அதில் பாதி அளவுகூட இல்லாத ஆண் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தம்மா அவனையும் சுமந்துகொண்டு ஓடையைப் பார்த்து நகர்கிறாள். இன்ஜினை அணைத்த பிறகுதான் காதில் விழுந்தது, கரை மண்ணுக்குள்ளிருந்து அடைக்கோழி கொக்கரிக்கிற மாதிரிச் சத்தம். ஒன்றில்லை, பத்துப் பதினைந்து இருக்கும். மழையில் நனைந்தபடி முக்கால் மணி நேரம் நின்றேன். வீட்டுக்காரி போன் போட்டுத் திட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே பாலத்தில் ஜேசிபி நின்றது. மழைக்காலத்துக்கு முந்தைய துப்புரவு. இந்தப் பக்கம் 'மழக்கால பூர்வ சுசீகரணம்' என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஓடையில் கிடந்த பாறை, கரை மண், வேர் எல்லாவற்றையும் வாரி ரோட்டோரம் குவித்திருந்தார்கள். தண்ணீர் குழாயில் போகிற மாதிரி நேராகப் போனது. ஓட்டுகிற தம்பியிடம் கேட்டேன். "நமக்கு என்னண்ணே தெரியும், வாரச் சொன்னாங்க வாருறேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை.

யாரிடம் சொல்வது என்று அலைந்ததுதான் அதைவிடப் பெரிய கூத்து. ஒரு ஆபீசில் ஓடை பஞ்சாயத்துடையது என்றார்கள். இன்னொரு ஆபீசில் பாலம் ரோட்டுக்காரர்களுடையது, தண்ணீர் வேறு துறை என்றார்கள். மூன்றாவது ஆபீசில் ஒரு சேட்டன் மரியாதையாக உட்காரவைத்து, கட்டன் சாயா வாங்கிக் கொடுத்து, "அது காட்டுக்கு வெளியிலே இருக்கே, நமக்கு அதிகாரம் இல்லையே" என்று சிரித்தார். நான்காவது ஆபீசுக்கு நான் போகவில்லை. டீசல் காசு யார் தருவார்கள்?

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. எங்கள் ஏலமலைக் காடு முழுக்கவே இரட்டை ஆட்சிதான். நிலம் வருவாய்த் துறைக்கு, அதன்மேல் நிற்கிற மரம் வனத்துறைக்கு. திருவிதாங்கூர் காலத்து 1897 அறிவிப்பில் ஏலமலைக் காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்னும் கோர்ட்டில் ஓடுகிறது. முன்னால் ஒரு '2' உண்டா இல்லையா என்பதில் லட்சக்கணக்கான பேரின் பட்டா தொங்குகிறது. நிலம் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு என்றால், அந்த மரத்தின் வேருக்கடியில் நிலத்துக்குள் இருக்கிற தவளை யாருக்கு? சிரிப்புக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே யாருக்கும் இல்லை.

அது என்ன தவளை என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். வருடத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அங்கேயே கறையான் தின்று வாழும். முதல் மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். மலையாளத்தில் பாதாளத் தவள என்பார்கள். மாவேலித் தவள என்றும் ஒரு பேர் உண்டு. மகாபலி மாதிரி வருடம் ஒரு முறை பாதாளத்திலிருந்து வருவதால். பேர் வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். இதன் தலைப்பிரட்டையை 1918-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். பெரிய தவளையை உலகத்துக்குச் சொன்னது 2003-ல், தவளை ஆய்வாளர் பிஜுவும் பெல்ஜியத்துக்காரர் பொசைட்டும். பிள்ளையைப் பார்த்து 85 வருடம் கழித்துத்தான் தாயைப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு நெருங்கிய சொந்தக்காரத் தவளைகள் இந்துமாக்கடலுக்கு நடுவில் சீசெல்ஸ் தீவில் இருக்கின்றன. இரண்டு நிலமும் ஒட்டிக் கிடந்த காலத்துச் சொந்தம் அது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேரளச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். நம் பக்கத்துச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில், இதன் உடன்பிறப்பு ஒன்றை 2017-ல் தனி இனம் என்று அறிவித்தார்கள். அதற்கு வைத்த பேர் பூபதி. கோயம்புத்தூரில் ஊர்வனவும் தவளையும் ஆராய்ந்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக. 2014-ல் அகத்தியமலையில் களப்பணிக்குப் போன இடத்தில் இறந்துபோனவர். மலையின் முதுகெலும்புதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. மேற்கே பெரியாறு புலிகள் காப்பகம், ஒட்டினாற்போல் கிழக்கே 2021-ல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக் காப்பகம். அந்தப் பக்கம் பெய்தால் பெரியாறு, இந்தப் பக்கம் பெய்தால் வைகை. அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பின மாதிரி, நடுவில் இரண்டு சர்க்கார்.

இரண்டு சர்க்காரும் சேரவே மாட்டார்களா? சேருவார்கள். யானைக்குச் சேருவார்கள். 2023 மே மாதம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் எல்லாம் ஒரே நாட்களில் யானை எண்ணினார்கள். முல்லைப் பெரியாறுக்குச் சேருவார்கள், சண்டை போடவாவது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு ஒரு கூட்டத்தை.

எல்லை மலை உச்சியில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில். யாருக்குச் சொந்தம் என்று வருடம் முழுக்க வாக்குவாதம். ஆனால் சித்ரா பௌர்ணமிக்குச் சில வாரம் முன்னால் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். கூடவே இரண்டு பக்கத்து வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை, சுகாதாரம், தீயணைப்பு, ஆர்டிஓ. எந்த ஜீப்புக்குப் பாஸ், பளியங்குடிப் பாதையில் நடந்து வருகிறவர்களுக்கு எங்கே தண்ணீர், பிளாஸ்டிக் பாட்டிலை எங்கே பிடுங்குவது, எத்தனை மணிக்கு எல்லோரும் மலையை விட்டு இறங்குவது, எல்லாம் பேசி எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பாஸ் வாங்கி நானும் ஓட்டியிருக்கிறேன். புலிக்காட்டுக்குள் அத்தனை ஆயிரம் பேர் ஏறி இறங்கி, சாயங்காலத்துக்குள் காடு பழையபடி ஆகிறது. குறை உண்டு, தள்ளுமுள்ளு உண்டு, மொழிச் சண்டையும் உண்டு. ஆனால் நடக்கிறது. ஒரு நாளைக்கு நடக்கிறது.

அந்தக் கூட்டத்திலேயே இன்னொரு அரை மணி நேரம் உட்காருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. காலமும் பொருந்துகிறது பாருங்கள். சித்ரா பௌர்ணமி முடிந்த கையோடுதான் கோடை மழை வலுக்கும், மாவேலியும் மேலே வரும். வேண்டிய ஆட்கள் எல்லோரும் அந்த மேசையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். கூடுதலாகப் பஞ்சாயத்துச் செயலாளர்களையும் ரோடு போடுகிறவர்களையும் கூப்பிட்டால் போதும்.

என்ன பேச வேண்டும்? புதிதாக ஒரு சரணாலயம் கேட்கவில்லை, தயவுசெய்து அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓடையில் இறங்குகிற வேலையைக் கோடை மழைக்கு முன்னாலேயே, மாசி பங்குனியிலேயே முடியுங்கள். மார்ச் 31-க்குள் பில் போடத் தெரிந்தவர்களுக்கு, மார்ச் 31-க்குள் மண் அள்ளவும் தெரியும். முடியாமல் போனால் அந்த ஓடையை மட்டும் ஓணம் வரைக்கும் விட்டுவிடுங்கள். ஏன் ஓணம் என்றால், இதன் தலைப்பிரட்டை பாய்கிற தண்ணீரில் பாறையை வாயால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ 100 நாள் தொங்குகிறது. பாறையை வாரிவிட்டால் அது எதைப் பிடிக்கும்? குறுக்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கினாலும் அதே கதைதான். பாயாத தண்ணீர் அதற்கு ஆகாது. எந்த ஓடை என்று கண்டுபிடிக்கப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒரு குழு இருக்கிறது, ஒரு பதிவேடு இருக்கிறது. பல இடத்தில் அது பீரோவுக்குள் தூங்குகிறது. அதில் ஓடைகளின் பேரை எழுதி, ஜேசிபிக்கு ஆர்டர் போடுகிறவர் கையில் ஒரு நகல் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கஷ்டம். அதுதான் பயம். எங்கள் ஊரில் யார் தோட்டத்திலாவது அபூர்வத் தவளை இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "சத்தமாச் சொல்லாதடா, பாரஸ்ட் காதுல விழுந்தா பட்டா போயிரும்" என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கச் சொன்ன காட்கில் அறிக்கை வந்த 2011-லிருந்து, பிறகு கஸ்தூரிரங்கன் அறிக்கை, பந்த், ஊர்வலம் என்று இடுக்கி பட்ட பாட்டில் இந்தப் பயம் எலும்பில் ஏறிவிட்டது. அதைப் பழிக்க மாட்டேன். என் அப்பத்தா தலைச்சுமையோடு கம்பமெட்டு ஏறி வந்தவள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த எனக்கு இன்றைக்கு நாலு சென்ட் இருக்கிறது என்றால் அது லேசில் வந்ததில்லை. ஆகவே தவளைக்காக முதல் கையெழுத்தைப் போட வேண்டியது வனத்துறை இல்லை, வருவாய்த் துறை. இந்தத் தவளை இருப்பதைச் சொன்னதற்காக யாருடைய நிலத்திலும் கை வைக்க மாட்டோம் என்று அவர்கள் தாளில் எழுதித் தரட்டும். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் பத்து ஓடையின் பேர் வந்து விழும்.

மலைவாழ் மக்களில் சிலர் மழைக்காலத்தில் இந்தத் தலைப்பிரட்டையை உணவாக எடுக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உண்மைதான். அவர்கள் மேல் கேஸ் போடுவது சுலபம், ஜேசிபி மேல்தான் போட முடியாது. அது எந்தப் பாறையில் இருக்கும், எந்த மழைக்கு வரும் என்று அவர்கள் அளவுக்குத் தெரிந்தவர்கள் யார்? வாச்சர் வேலை கொடுக்க அவர்களைவிட்டால் ஆள் ஏது?

ஒருமுறை வண்டியில் வந்த ஆராய்ச்சி மாணவி சொன்ன கதை இது. அமெரிக்காவில் நெவாடா என்கிற வறண்ட மாநிலம். அங்கே கொலம்பியா புள்ளித் தவளை என்று ஒன்று. 2003-ல் மாநில வனவிலங்குத் துறை, நடுவண் வனத்துறை, நிலத் துறை, பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. 2015-ல், சட்டப் பாதுகாப்புக்காகக் காத்திருந்த பட்டியலிலிருந்தே அந்தத் தவளையை எடுத்துவிட்டார்களாம், இனித் தேவையில்லை என்று. 12 வருடம். நம் ஊரில் ஒரு கேஸ் வாய்தா வாங்குகிற காலம்.

"மூணாறு பக்கம் பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட்ல மலை சரிஞ்சு 70 பேர் மண்ணுக்குள்ள போனாங்க, நீ தவளையப் பத்திப் பேசுற" என்று என் மச்சினனே கேட்டான். அவன் கோபம் நியாயம். அந்த லயத்தில் எங்களுக்கும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். நான் அவனிடம் கேட்டது இதுதான்: ஓடை எங்கே ஓடுகிறது, அதை யார் அடைத்தார்கள், கரையை யார் அறுத்தார்கள் என்று ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிற ஒரே ஒரு ஆபீஸ் இந்த மலையில் உண்டா? அவனுக்கும் தெரியவில்லை. தவளையின் பேரைச் சொல்லியாவது அப்படி ஒரு தாள் உருவானால், அதன் கீழ்க்கரையில் இருக்கிற லயத்துக்கும் அது தேவைப்படும்.

எனக்குத் தெரிந்த ஏழு ஓடையின் பேரை ஒரு டீசல் பில்லின் பின்பக்கம் எழுதிவைத்திருக்கிறேன். எது எந்தப் பாலம், எந்த வளைவு என்று குறித்திருக்கிறேன். பாஸ் வாங்கப் போகும்போது மேசையில் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவேன். கம்பம் பக்கத்துக்காரர்கள் உங்கள் சரிவில் கேட்டிருந்தால், பார்த்திருந்தால் ஊர்ப்பேரை மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், யார் தோட்டம் என்று வேண்டாம்.

நேற்று ராத்திரி ஆனக்கரைப் பக்கம் நல்ல இடி. வண்டியை நிறுத்திக் காது கொடுத்துப் பார்த்தேன். இன்னும் வரவில்லை.