காரைக்கால் நகராட்சி பற்றி ஒரு திருத்தம்

மேலே உள்ள பதிவில் ஒருவர் "காரைக்கால் நாகை மாவட்ட நகராட்சி, 2022 தேர்தலில் தேர்வான கவுன்சிலர்களைத்தான் கேள்வி கேட்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. அந்தத் தேர்தல் தமிழ்நாட்டில் நடந்தது. காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வரைபடத்தில் குழப்பம் வருவது இயல்புதான். வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகை, கிழக்கே கடல். புதுச்சேரி நகரமோ 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

உண்மை நிலை இன்னும் வருத்தமானது. அங்கே கேள்வி கேட்க கவுன்சிலரே கிடையாது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 86,838 பேர் வாழும் நகரம். குப்பையோ, சாக்கடையோ, தெருவிளக்கோ, எதுவானாலும் ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் எம்எல்ஏவைப் பிடிக்க வேண்டும். வார்டுக்காரர் என்று உரிமையோடு கதவைத் தட்ட ஆள் இல்லை.

அப்புறம், திருநள்ளாறு கோயிலும் துறைமுகமும் நகராட்சிக்குள் வரும் என்று அந்தப் பதிவு சொல்வதும் சரியல்ல. கோயில் திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தில் (புதுச்சேரியில் ஊரகப் பகுதிகளுக்கான உள்ளாட்சி அமைப்பு) இருக்கிறது. துறைமுகம் இருக்கும் வாஞ்சூர் பக்கம் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்தது. மாங்கனித் திருவிழா நடக்கும் காரைக்கால் அம்மையார் கோயில்தான் நகருக்குள்ளேயே இருப்பது. பதிவைத் திருத்திவிடுங்கள், பலர் பகிர்கிறார்கள்.